கலங்கல் இல்லாமல் படகு துலக்கக் கற்ற அனுபவம்

படகுகளின் அடிப்பகுதியை நீருக்கடியில் துலக்குவது ஏழு ஆண்டுகளாக என் தொழில். பாசியும், ஒட்டிக்கொண்டு வளரும் ஓட்டுயிரான கொட்டலசும் அப்பிய படகு வேகம் இழக்கும், எரிபொருளைக் குடிக்கும். அதனால் யாராவது ஒருவர் இறங்கித் தேய்த்தே ஆக வேண்டும். எனக்குத் தொழில் பழக்கியவர் வைத்திருந்த அளவுகோல் ஒன்றுதான்: விரலால் தடவினால் கீச்சென்று சத்தம் வர வேண்டும். அதற்காக உலோகச் சுரண்டியும் கம்பித் தூரிகையும் கொண்டு அழுத்தித் தேய்ப்பேன். கையைச் சுற்றி நீலமாகவோ சிவப்பாகவோ ஒரு கலங்கல் எழும். அழுக்குப் போகிறது என்று மகிழ்ந்திருக்கிறேன்.

அது அழுக்கு அல்ல, பூச்சு. தண்ணீரைக் கெடுக்காமல் படகு துலக்குவதற்கான பயிற்சியில் சேர்ந்த முதல் நாளே இது தெரிந்துவிட்டது. நான் வேலை செய்யும் படகுத் துறையில், சான்றிதழ் இல்லாத மூழ்காளர்களை இனி அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். அந்தக் கட்டாயத்தில்தான் சேர்ந்தேன். முதலில் வகுப்பு, பிறகு நீருக்குள் பயிற்சி, கடைசியில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும்.

படகின் அடியில் பூசும் பூச்சு நஞ்சாக இருக்க வேண்டும் என்றே செய்யப்படுகிறது. பெரும்பாலானவற்றில் செம்பு ஆக்சைடு கலந்திருக்கும். அது மெல்லக் கசிந்து, ஒட்ட வரும் உயிர்களை விரட்டும். சில பூச்சுகள் மென்மையானவை, ஓட்டத்தில் தாமாகவே தேய்ந்து புது அடுக்கைக் காட்டும். சில கெட்டியானவை. இரண்டையும் ஒரே தூரிகையால் ஒரே வேகத்தில் தேய்த்திருக்கிறேன் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. மென்பூச்சின் மேல் கம்பித் தூரிகை பட்டால், பல மாதங்கள் நிற்க வேண்டிய நஞ்சு ஒரே நாளில் தண்ணீருக்குள் போய்விடுகிறது.

எங்கள் பயிற்றுநர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். கடல்நீரில் கரைந்த செம்பு நீடித்து இருக்கும்போது லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வரையறை. மட்டி, சிப்பி, கடல் முள்ளெலி ஆகியவற்றின் இளம் பருவம் அவ்வளவு மென்மையானது. அப்படியானால் ஒரு கிராம் செம்பு, அதாவது ஒரு பேப்பர் கிளிப்பின் எடை, எவ்வளவு தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகும்? மூன்று லட்சம் லிட்டருக்கும் மேல். நாங்கள் யாரும் பேசவில்லை. ஒரு படகில் எத்தனை கிராம் உரித்திருப்பேன் என்று என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன். யாரும் தொடாமலே பூச்சு நாள் முழுவதும் கசிகிறதே, நம் பங்கு சிறியதுதானே? சிறியதுதான், செம்பின் பெரும்பகுதி தானாகக் கசிவதால்தான் வருகிறது என்று அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் முரட்டுத்தனமாகத் தேய்த்தால், தேய்த்த நாளோடு முடிவதில்லை. புதிதாக வெளிப்பட்ட அடுக்கு அடுத்த சில நாட்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாகக் கசியும். "கசிவது பூச்சின் வேலை. உரிப்பது உங்கள் வேலை அல்ல" என்றார். 2001-இல் கொண்டுவரப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தம், டிரைபியூட்டைல் டின் போன்ற வெள்ளீய நஞ்சுகள் கலந்த பூச்சுகளுக்குத் தடை விதித்த வரலாற்றையும் சொன்னார். நத்தைகளையும் சிப்பிகளையும் அந்த நஞ்சு உருக்குலைத்த பிறகுதான் உலகம் விழித்தது.

வகுப்பில் கற்றதை விட நீருக்குள் கற்றதுதான் கடினம். முதல் பயிற்சிக்கு ஆளுக்கொரு வெள்ளைப் பஞ்சுத் துண்டு கொடுத்தார்கள். படகை ஒருமுறை வழித்துவிட்டுத் துண்டை மேலே கொண்டுவர வேண்டும். பாசியின் பச்சையும் பழுப்பும் இருந்தால் சரி. பூச்சின் நிறம் இருந்தால் தவறு. என் துண்டு கருநீலமாக வந்தது. லேசாகத் தொட்டதாகத்தான் நினைத்திருந்தேன்!

நீருக்குள் உடலுக்கு எடை தெரியாது. அழுத்தினால் படகு நம்மைத் திருப்பித் தள்ளும். அதை ஈடுகட்ட படகில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சுபிடியை ஒரு கையால் பற்றி, காலை உதைத்து, இன்னும் அழுத்துவோம். என் பழக்கம் முழுவதும் இந்தச் சண்டைதான். பயிற்றுநர் என் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மடக்கச் சொல்லி, மூன்று விரல்களின் கீழ் மட்டும் கம்பளத் துண்டை வைத்து, ஒரே திசையில் நீளமாக இழுக்கச் சொன்னார். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. பத்தாவது இழுப்பில்தான் புரிந்தது: வழும்பு மட்டும் ஒரு தோலைப் போலச் சுருண்டு வந்தது, சுற்றியிருந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. காற்றுகூட வழக்கத்தைவிடக் குறைவாகவே செலவானது.

செய்முறைத் தேர்வில் முதல் தடவை தோற்றேன். படகின் அடியில் நடுவே நீளும் அடிமுதுகின் அருகே ஒரு வரிசைக் கொட்டலசு. பார்த்ததும் பழைய கை திரும்பிவிட்டது. சுரண்டியைச் செங்குத்தாகக் குத்தினேன், நீலம் பொங்கியது, பயிற்றுநர் சிலிண்டரைத் தட்டி நிறுத்தினார். பிளாஸ்டிக் சுரண்டியைப் பூச்சோடு படிய வைத்து, கொட்டலசின் ஓட்டினைப் பக்கவாட்டில் நெட்டிப் பெயர்க்க வேண்டும். அடியில் நிற்கும் வெள்ளை வட்டத்தைத் தோண்டக் கூடாது, அது அப்படியே இருக்கட்டும். கலங்கல் தெரிந்தால் கையை நிறுத்தி, இன்னும் மென்மையான கருவிக்கு மாற வேண்டும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் எழுதியும் இறங்கியும் தேர்ச்சி பெற்றேன். எழுத்துத் தேர்வில், படகின் உலோகப் பாகங்கள் அரிக்காமல் இருக்கப் பொருத்தும் துத்தநாகக் கட்டி பழையதானால் கழற்றி, அதைக் கடலில் போடாமல் கரைக்குக் கொண்டுவருவது, புதுப் பூச்சை முதல் மூன்று மாதம் தொடாமல் விடுவது போன்றவை வந்தன. படித்தால் எழுதிவிடலாம்.

சேரப் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. மென்மையான கை, வழும்பு வழும்பாகவே இருக்கும்வரைதான் பயன்படும். நாள் தள்ளிப்போய்க் கொட்டலசு கெட்டியாகிவிட்டால், எவ்வளவு பயிற்சி பெற்றவரும் சுரண்டித்தான் ஆக வேண்டும். தண்ணீர் கெடுவதும் கெடாததும் உரிமையாளர் நம்மை எப்போது கூப்பிடுகிறார் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. வெதுவெதுப்பான பருவத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை லேசாகத் துடைப்பது, நான்கு மாதத்துக்கு ஒருமுறை உரிப்பதைவிடப் படகுக்கும் நல்லது, பூச்சும் நீடிக்கும். ஒவ்வொரு முறையும் தேதி, பூச்சின் வகை, பயன்படுத்திய கருவி, கலங்கல் எழுந்ததா என்று எழுதி உரிமையாளரிடம் கொடுக்கிறேன். சிலர் படிக்கிறார்கள். பூச்சு தேய்ந்து வெறும் கட்டை தெரிந்த ஒரு படகைத் தொட மறுத்து, கரையேற்றிப் பூசச் சொன்னபோது, அதன் உரிமையாளர் வேறு ஆளைத் தேடிக்கொண்டார். அந்த வருமானம் போனது வலிக்கத்தான் செய்தது.

எனக்கு இன்னும் வசப்படாத இடம் ஒன்று உண்டு: நீர்மட்டக் கோடு. வெயில் நேராகப் படுவதால் அங்கே பாசி புல்லாக வளர்ந்துவிடுகிறது. அலை ஆட்டுவதால் கையும் நிலைகொள்வதில்லை. போன வாரம்கூட அந்த ஒரு சாண் அகலத்தில் என் வெள்ளைத் துண்டு லேசாக நீலம் பிடித்துத்தான் மேலே வந்தது. அடுத்த முறை அலை அடங்கிய அதிகாலையில் இறங்கிப் பார்க்கப் போகிறேன்.