ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?

மதிய இடைவேளைக்குப் பிறகு வரும் முதல் பாடவேளையை எந்த ஆசிரியரும் விரும்பிக் கேட்டு வாங்குவதில்லை. கண்கள் செருகும், கொட்டாவி ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தொற்றும், கேட்ட கேள்விக்குப் பதில் வரத் தாமதமாகும். அறிவியல் ஆசிரியராக என் முதல் 19 ஆண்டுகள் முழுவதும் இதை உண்ட மயக்கம் என்றே எண்ணியிருந்தேன். தூங்கி வழிந்த பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். முன்னேற்ற அறிக்கைகளில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிப் பெற்றோருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்களில் சிலரிடமாவது குறை பிள்ளையிடம் இல்லாமல், அந்தப் பிள்ளை மூச்சிழுத்த காற்றில் இருந்திருக்கக்கூடும் என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் புரிந்தது.

புரிய வைத்தது ஒரு சிறிய கருவி. சுவாசம் பற்றிய பாடத்துக்காக ஆய்வகத்துக்கு கார்பன் டை ஆக்சைடு அளவி ஒன்று வாங்கியிருந்தோம். திறந்த வெளியில் அது ஏறத்தாழ 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு என்று காட்டியது. பாடம் முடிந்த பின் அதை அணைக்க மறந்து மேசையிலேயே விட்டுவிட்டேன். சாலை இரைச்சலுக்காக ஜன்னல்களை மூடியிருந்த அந்த அறையில் 42 பிள்ளைகள் இருந்தார்கள். மதியப் பாடவேளை முடியும் தறுவாயில் தற்செயலாகப் பார்த்தபோது எண் 2,400-ஐத் தொட்டிருந்தது. கருவி பழுதாகிவிட்டதென்று நினைத்து வெளியே எடுத்துச் சென்றேன். சில நிமிடங்களில் அது பழைய எண்ணுக்கே இறங்கியது.

நாம் வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம். அன்று மாலை இதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். வெளிக்காற்றில் உள்ளதைக் கழித்துவிட்டு வகுத்தால், அந்த அறையில் ஒரு பிள்ளை இழுக்கும் 20 மூச்சில் ஒரு மூச்சளவு காற்று, ஏற்கெனவே இன்னொருவரின் நுரையீரலுக்குள் போய் வந்த காற்று. ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் அந்த வாரமே பாதி வகுப்பு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பதன் காரணம் அந்தக் கணக்குத் தாளில் என் முன்னே கிடந்தது. இந்த அளவில் அந்த வாயு நஞ்சன்று. காற்றோட்டம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1858-லேயே, மனிதர் கூடியிருக்கும் அறையில் இது 1,000 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்று முன்மொழிந்தார். அவர் பெயரை அறிந்திருந்தும், அந்த எண்ணை என் வகுப்பறையோடு ஒருநாளும் நான் பொருத்திப் பார்த்ததில்லை. காற்றோட்டம் குறைந்த வகுப்பறைகளில் பிள்ளைகள் கணக்குப் போடும் வேகமும் படிக்கும் வேகமும் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்பதையும் அதன் பிறகே தேடிப் படித்தேன்.

மறுநாள் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தேன். எண் இறங்கியது, பிள்ளைகளும் தெளிவாக இருந்தார்கள். சிக்கல் அத்துடன் தீர்ந்தது என்று நான் மகிழ்ந்திருந்தது ஒரு வாரம்தான்.

சாலைப்பக்க ஜன்னலோரம் ஆஸ்துமா உள்ள ஒரு மாணவி உட்கார்ந்திருந்தாள். அந்த வாரத்தின் இறுதியில் அவள் இருமல் கூடியது. பையிலிருந்து இன்ஹேலரை எடுப்பதை ஒரே நாளில் இரண்டு முறை பார்த்தேன். அவள் அதை யார் கண்ணிலும் படாமல் மேசைக்கடியில் குனிந்து எடுத்த விதம் இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. நுண்துகள் அளவி ஒன்றை இரவல் வாங்கி அந்த ஜன்னலோரம் வைத்தேன். நாள் முழுவதும் எண் ஏறி இறங்கினாலும், பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் மட்டும் செங்குத்தாக உயர்ந்தது. வாயிலில் இன்ஜினை அணைக்காமல் காத்திருக்கும் வண்டிகளின் புகை, நான் திறந்து வைத்த ஜன்னல் வழியாகவே உள்ளே வந்துகொண்டிருந்தது. மூடினால் பிள்ளைகள் விட்ட மூச்சையே இழுக்கிறார்கள், திறந்தால் புகையை இழுக்கிறார்கள் என்ற இந்த இக்கட்டுக்கு எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் விடை சொல்லப்படவில்லை.

பிஎம் 2.5 என்று சொல்லப்படும் நுண்துகளின் விட்டம் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் அதைத் தடுத்து நிறுத்த முடியாததால் அது நுரையீரலின் அடிவரை சென்று படிகிறது. மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. பெரியவர்களை விடப் பிள்ளைகளுக்கு இதனால் தீங்கு அதிகம். உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்கள் நம்மை விடக் கூடுதலாகக் காற்றை இழுக்கிறார்கள், அவர்களின் மூச்சுக்குழாய்கள் குறுகலானவை, நுரையீரலோ பதின்பருவத்தின் இறுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. தெற்கு கலிபோர்னியாவின் 12 ஊர்களில் 10 வயது முதல் 18 வயது வரை பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. மாசு மிகுந்த ஊர்களில் வளர்ந்தவர்களின் நுரையீரல் வளர்ச்சி குறைந்திருந்தது. அதே பகுதியில் காற்று தூய்மையான பிறகு வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் மேலும் நன்றாக வளர்ந்ததை 2015-இல் வெளியான அதன் தொடர்ச்சி காட்டியது. எனக்கு நம்பிக்கை தந்தது அந்த இரண்டாவது முடிவுதான். பார்சிலோனாவில் 39 பள்ளிகளில் நடந்த இன்னொரு ஆய்வில், போக்குவரத்து மாசு மிகுந்த பள்ளிகளில் படித்தவர்களின் செயல்நினைவு, அதாவது ஒரு தகவலை மனத்தில் வைத்துக்கொண்டே அதைக் கையாளும் திறன், ஓராண்டில் மெதுவாகவே வளர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல், பிஎம் 2.5-இன் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேற்படக்கூடாது என்று தன் வழிகாட்டு அளவைப் பாதியாகக் குறைத்ததற்குப் பின்னால் இத்தகைய சான்றுகள் ஏராளம் இருக்கின்றன.

வெளியிலிருந்து வருவதை மட்டும் குறைசொல்லவும் முடியாது. சாக்பீஸ் தூளும், டஸ்டரைச் சுவரில் தட்டும் பழக்கமும், புதிய பெயின்ட்டும், ஒட்டுப்பலகை மேசைகளிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயுவும் அறைக்குள்ளேயே பிறப்பவை. எங்கள் பள்ளியில் வகுப்பறைகளை உலர்ந்த துடைப்பத்தால் காலையில், பிள்ளைகள் வருவதற்குச் சற்று முன்புதான் பெருக்குவார்கள். கிளம்பிய தூசி அடங்குவதற்குள் முதல் மணி அடித்துவிடும். அதை மாலைக்கு மாற்றி ஈரத் துணியால் துடைக்கலாமா என்று துப்புரவுப் பணியாளரிடம் கேட்டேன். “எனக்கும் நல்லதுதான் டீச்சர், ராத்திரியெல்லாம் இருமல். இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லை” என்றார். நான் பிள்ளைகளை மட்டுமே நினைத்துக் கேட்டிருந்தேன். எல்லோரையும் விட அதிகமான தூசியை இத்தனை ஆண்டுகள் விழுங்கியவர் அவர்.

ஆகவே ஒரே விடை என்று எதுவும் கிடைக்கவில்லை. நேரத்துக்குத் தக்கபடி மாறும் ஓர் ஏற்பாடுதான் கிடைத்தது. காலையும் மாலையும் வண்டிகள் கூடும் நேரத்தில் சாலைப்பக்க ஜன்னல்களை மூடி, உள்முற்றத்துப் பக்க ஜன்னல்களைத் திறப்பது. இடைவேளைகளில் இரு பக்கமும் திறந்து காற்றைக் குறுக்கே ஓடவிடுவது. மின்விசிறி காற்றைச் சுழற்றுமே ஒழியப் புதிய காற்றைக் கொண்டுவராது என்பதை எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்வது. மூச்சுத் தொந்தரவு உள்ள பிள்ளைகளைச் சாலைப் பக்கத்திலிருந்து மாற்றினோம். வாயிலில் இன்ஜினை அணைக்கச் சொன்னபோது பெற்றோர் பலர் உடனே ஒத்துக்கொண்டார்கள். தன் ஒரு வண்டியால் என்ன ஆகிவிடும் என்று கேட்டவரிடம் வாதாடாமல், துகள் அளவியை வாயிலுக்கே எடுத்து வந்து காட்டினேன். பேச்சை விட எண்ணுக்கு மதிப்பு இருந்தது.

நிர்வாகத்தோடுதான் உடன்பட முடியவில்லை. இரண்டு அறைகளுக்குக் குளிர்சாதனம் பொருத்தி ஜன்னல்களை நிரந்தரமாக அடைத்தார்கள். அறையின் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும் அந்த இயந்திரம் ஒரு கைப்பிடி புதிய காற்றையும் உள்ளே விடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தேன். காற்று வடிகட்டும் கருவி வாங்கித் தந்தார்கள். அது துகளைப் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடை ஒன்றும் செய்யாது. மீண்டும் எழுதினேன். ஒவ்வொரு அறையிலும் ஒரு ஜன்னலைத் திறக்கும்படி மாற்றிக் கொடுக்க ஓராண்டு ஆனது.

அந்த மாணவி அடுத்த பருவத்தில் குறைவான நாட்களே விடுப்பு எடுத்தாள். மருந்தை மாற்றியிருந்தார்கள், பருவநிலையும் மாறியிருந்தது. நாங்கள் செய்தவற்றால்தான் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

இப்போது அளவியைப் பார்க்கும் பொறுப்பை வாரத்துக்கு ஒரு பிள்ளை ஏற்கிறது. சென்ற வாரம், கரும்பலகையில் நான் எழுதிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “டீச்சர், 1,300 ஆயிடுச்சு. பஸ்ஸெல்லாம் இன்னும் வெளிய நிக்குது, முற்றத்துப் பக்கம் மட்டும் திறக்கட்டுமா?” திறக்கச் சொல்லிவிட்டு, எண் இறங்கும் வரை கேள்வி எதுவும் கேட்காமல் காத்திருந்தேன்.