நிலாவை வைத்து எத்தனை இடியம்?

மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்குத் தயாராகும் பலர் ஆங்கில இடியம் (மரபுத்தொடர்) பட்டியலை ஏ-யில் தொடங்கி அகர வரிசையில் மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒரே சொல் வரும் இடியம்களை ஒன்றாகச் சேர்த்துப் படித்ததுதான் கைகொடுத்தது. உதாரணத்துக்கு நிலாவை எடுத்துக்கொள்வோம்.

'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் மிக மிக அரிதாக, அதாவது அத்தி பூத்தாற்போல. ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதை ப்ளூ மூன் என்கிறார்கள். சுமார் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறைதான் இப்படி அமையும். 2023 ஆகஸ்டில் அமைந்தது. அன்றைக்கு நிலா நீலமாகவெல்லாம் தெரியாது. எரிமலைத் தூசியோ காட்டுத்தீப் புகையோ வானில் பரவினால் எப்போதாவது நீலமாகத் தெரியலாம், அது தனிக்கதை.

இப்போது அதன் உறவினர்கள். 'ஓவர் தி மூன்' என்றால் அளவில்லாத மகிழ்ச்சி. 'ஆஸ்க் ஃபார் தி மூன்' என்றால் நடக்காததைக் கேட்பது. 'மெனி மூன்ஸ் அகோ' என்றால் வெகு காலத்துக்கு முன்பு. ஒன்றுக்கான கேள்வியில் இன்னொன்றின் பொருளை விடையாக நீட்டுவதுதான் கேள்வி தயாரிப்பவர்களின் வேலை. இவற்றைவிட ஆபத்தானது நிலாவே இல்லாத 'ஒன்ஸ் இன் எ வைல்'. அதற்கு அவ்வப்போது என்று பொருள். 'அக்கேஷனலி', 'வெரி ரேர்லி' இரண்டும் விடைகளில் இருந்தால், ப்ளூ மூனுக்கு இரண்டாவதுதான் சரி.

பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, வாக்கியத்தில் எப்படி உட்காருகிறது என்றும் பாருங்கள். 'ஹி விசிட்ஸ் அஸ் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதுபோலப் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். எப்போதாவது திரும்ப நடக்கும் விஷயத்துக்குத்தான் பொருந்தும். நேற்று ஒருமுறை நடந்ததற்குப் போட முடியாது. பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் 'எ'-வை 'தி' ஆக்கி வைப்பார்கள், அதையும் கவனியுங்கள். பேச்சுவழக்குச் சாயல் உள்ளது என்பதால், வங்கித் தேர்வில் அலுவலகக் கடிதம் எழுதச் சொன்னால் இதைத் தவிர்த்து 'ரேர்லி' என்றே எழுதுங்கள்.

சிஜிஎல் முதல் கட்டத்தில் 100 கேள்விக்கு 60 நிமிடம், தவறான ஒவ்வொரு விடைக்கும் 0.50 மதிப்பெண் போகும். இடியம் தெரிந்தால் பத்து விநாடியில் முடிந்துவிடும். தெரியாவிட்டால் யோசித்தாலும் வராது. அப்படியே விட்டுவிட்டு அந்த நேரத்தைக் கணக்குக்குக் கொடுங்கள்.