முதுகுக்குப் பின்னால் ஆட்டம்

இங்கிலாந்தில் ஒரு கால்பந்து மைதானத்தில் இருபது வருடத்துக்கு மேல் ஸ்டூவர்டாக வேலை பார்த்தேன். இத்தனை வருடத்தில் நான் கண்ணால் பார்த்த கோல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆட்டம் நடக்கும்போது புல்தரைக்கு முதுகைக் காட்டியபடி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்கள் வேலை. யாருக்காவது மயக்கம் வருகிறதா, படிக்கட்டை யாராவது மறித்து நிற்கிறார்களா, எங்கேயாவது கைகலப்பு கிளம்புகிறதா என்று கவனிக்க வேண்டும். கொஞ்ச நேரம் திரும்பி ஆட்டத்தைப் பார்த்துவிட்டால் ரேடியோவில் சூப்பர்வைசர் கூப்பிட்டுவிடுவார்.

அதனால் கோல் விழுவதை முகங்களில்தான் பார்த்தேன். பந்து கோலுக்குப் பக்கத்தில் வரும்போது பேச்சு அடங்கும். மக்கள் எழ எழ, மடக்கு இருக்கைகள் படபடவென்று மூடிக்கொள்ளும் சத்தம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடும். கண்கள் எல்லாம் ஒரே புள்ளிக்குப் போகும். வாய்கள் திறந்து கால் நொடி கழித்துத்தான் அந்த இரைச்சல் வந்து நெஞ்சில் மோதும். ஆட்டத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. ஆனால் அதைப் பார்க்க வருகிறவர்கள் எப்படி மாறினார்கள் என்பதை மைதானத்தின் வேறு எந்த இடத்திலிருந்தும் இவ்வளவு நன்றாகப் பார்க்க முடியாது என்று நினைக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரப் பயிற்சியில் எங்களுக்கு பிராட்ஃபோர்ட் நகரத்தின் கால்பந்து மைதானத்தில் நடந்த தீவிபத்தைப் பற்றிச் சொன்னார்கள். 1985 மே 11. பழைய மரக் கேலரிக்கு அடியில் பல வருடமாகச் சேர்ந்திருந்த குப்பையில் தீப்பிடித்து, சில நிமிடங்களில் ஸ்டாண்ட் முழுவதும் எரிந்தது. 56 பேர் இறந்தார்கள். பின்பக்கம் ஓடியவர்கள் பூட்டிய கதவுகளிலும், ஒவ்வொருவராக நுழையும் சுழல்கதவுகளான டர்ன்ஸ்டைல்களிலும் சிக்கிக்கொண்டார்கள். புல்தரைப் பக்கம் ஓடியவர்கள், முன்னால் வேலி இல்லாததால், பிழைத்தார்கள். அப்புறம் ஷெஃபீல்ட் நகரத்தின் ஹில்ஸ்பரோ மைதானம். 1989 ஏப்ரல் 15. அங்கே முன்னால் வேலி இருந்தது. நெரிசலில் சிக்கியவர்களுக்கு வெளியேற வழி இல்லை. கடைசியில் 97 உயிர்கள். பழியைப் பல வருடம் ரசிகர்கள் மேலேயே போட்டார்கள். இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மீது தவறில்லை என்று ஜூரி சொன்னது 2016இல்தான்.

ஒரு வெளியேறும் கதவின் அருகே தொண்ணூறு நிமிடமும் சும்மா நிற்பது சலிப்பான வேலை என்று புதிதாக வருகிற பையன்கள் சொல்வார்கள். நான் அவர்களுக்கு பிராட்ஃபோர்டைச் சொல்வேன். அந்தக் கதவுக்கு ஒரு ஆள் வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் 56 பேர் இருக்கிறார்கள்.

ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு, அதை விசாரித்த நீதிபதி டெய்லர் கொடுத்த இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. வேலிகள் போயின. இங்கிலாந்தின் மேல் இரண்டு டிவிஷன் மைதானங்களில் நின்று பார்க்கும் டெரஸ்கள் 1994க்குள் இருக்கைகளாக மாற வேண்டும் என்றானது. நடுவில் 1992இல் மேல் டிவிஷன் அணிகளின் பிரீமியர் லீக் வந்தது, தொலைக்காட்சிப் பணம் வந்தது. டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போனது. இன்றைக்கும் இதையெல்லாம் ஒரே கதையாகத்தான் சொல்கிறார்கள். பழைய மைதானம் ஆபத்தானது, மலிவானது, சத்தமானது. புதியது பாதுகாப்பானது, விலை கூடியது, அமைதியானது. ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்று. இதை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. டெய்லரே தன் அறிக்கையில், கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் இருக்கைக்கு 6 பவுண்டும் நிற்கும் இடத்துக்கு 4 பவுண்டும் வாங்குகிறார்கள் என்று எடுத்துக்காட்டியிருக்கிறார். இருக்கை போடுவதால் ஏழைகளுக்கு எட்டாத விலை வந்தே தீர வேண்டியதில்லை என்பதுதான் அவர் சொன்னது. இருக்கைகளைப் போட்டார்கள், விலை பற்றி அவர் சொன்னதை விட்டுவிட்டார்கள்.

நான் சேர்ந்தபோது இருக்கைகள் வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. ஆனால் கோலுக்குப் பின்னால் இருந்த ஸ்டாண்டில் யாரும் உட்காரவில்லை. "தயவுசெய்து உட்காருங்கள்" என்று ஒவ்வொரு வரிசையாகப் போய்ச் சொல்வது எங்கள் பொறுப்பு. இந்த வேலையில் எனக்கு மனது ஒப்பாமல் செய்தது அது ஒன்றுதான். நான் சொன்னதும் முன்வரிசை உட்காரும், பின்வரிசை நிற்கும், முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி எழுவார். அதே ஆள் ஆட்டம் முடிந்து போகும்போது என் தோளைத் தட்டி, "உன் மேல் கோபமில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார். பதினைந்து வருடத்துக்கு மேல் இப்படி நடந்தது. முட்டிக்குக் கீழே இடிக்கும் இருக்கைகளுக்கு நடுவில் நின்று குதிப்பது உண்மையிலேயே ஆபத்து. கோல் விழுந்தால் மூன்று வரிசை தாண்டிப் போய் விழுவார்கள். தாடை உடைந்த ஒருவரை நானே கைத்தாங்கலாக வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஜெர்மனியில் இப்படி ஒரு சண்டையே இல்லை. டோர்ட்முண்டின் தெற்கு ஸ்டாண்டில் மட்டும் கிட்டத்தட்ட 25,000 பேர் லீக் ஆட்டங்களை நின்றே பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் 2022 ஜனவரியில் சில மைதானங்களில் சோதனையாகத் தொடங்கி, அடுத்த சீசனிலிருந்து தடுப்புக் கம்பி வைத்த இடங்களில் நிற்க அனுமதி வந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி, அவ்வளவுதான். கோல் விழுந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்கலாம், யாரும் யார் மேலும் விழுவதில்லை. அந்தச் சீசனில் எங்கள் பகுதியில் "உட்காருங்கள்" என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. ரசிகர்கள் எங்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. என்னோடு பல வருடம் முறைத்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து கை கொடுத்தார். பாதுகாப்பும் உற்சாகமும் ஒன்றாக இருக்க முடியும் என்று நான் நினைத்ததற்கு அந்தக் கம்பியே சாட்சி.

விலை விஷயத்துக்கு அப்படி ஒரு கம்பி கிடைக்கவில்லை. என் பகுதியில் நான்கு நண்பர்கள் இருந்தார்கள். டெரஸ் காலத்திலிருந்தே ஒன்றாக நின்றவர்கள், இருக்கை வந்ததும் நான்கையும் அடுத்தடுத்து வாங்கிக்கொண்டவர்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, வேலை, பிள்ளைகள், முழங்கால் வலி என்று பேசிக்கொண்டிருப்பார்கள். என் அம்மா இறந்து நான் இரண்டு ஆட்டங்களுக்கு வராமல் இருந்தபோது, ஏன் வரவில்லை என்று சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டவர்கள் அவர்கள். அப்புறம் ஒரு வருடம் அந்த வரிசைகளை மெத்தை வைத்த விருந்தினர் இருக்கைகளாக கிளப் மாற்றியது. சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கலாம், ஆனால் வேறு இடத்தில், நான்கும் சேர்ந்து கிடைக்காது. ஒருவர் மேலடுக்குக்குப் போனார், ஒருவர் எதிர்க் கோடிக்கு. இரண்டு பேர் வரவே இல்லை. மெத்தை இருக்கைகளில் ஒவ்வொரு வாரமும் புது ஆட்கள் உட்கார்ந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், ரொம்ப தூரத்திலிருந்து ஒரே ஒரு ஆட்டம் பார்க்க ஆசையாக வந்தவர்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாத இடத்தில் யாரும் முதல் ஆளாகப் பாட்டை எடுப்பதில்லை. மைதானத்தில் சத்தம் குறைந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற விளக்கம் இதுதான்.

ரசிகர்கள் சேர்ந்து எதிர்த்தால் நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2016 பிப்ரவரியில் லிவர்பூலில், 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே போனார்கள். அப்போது அவர்கள் அணி 2-0 என்று முன்னிலையில் இருந்தது, முடிந்தபோது 2-2. சில நாட்களில் அந்த விலையைக் கைவிட்டார்கள். வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று பிரீமியர் லீக்கில் வரம்பு வந்ததும் அதே ஆண்டுதான். மைதானத்தில் இன்றைக்கும் சத்தம் குறையாத மூலை வெளியூர்க்காரர்களின் மூலைதான் என்பது தற்செயல் இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், ஒரே பேருந்தில் வந்தவர்கள். தொலைக்காட்சிக்காகத் திங்கட்கிழமை இரவுக்கு ஆட்டத்தை மாற்றினால் கடைசி ரயிலை விட்டுவிட்டு விடியற்காலையில் வீடு போய்ச் சேர்கிறவர்களும் அவர்கள்தான்.

நுழைவாயிலில் நடந்த மாற்றத்தையும் சொல்ல வேண்டும். முன்பு சீசன் டிக்கெட் என்பது ஒரு சின்னப் புத்தகம், ஆட்டத்துக்கு ஒரு தாள் கிழித்துக் கொடுப்பார்கள். இப்போது எல்லாம் போனில். வேகமானது, கள்ள டிக்கெட் குறைந்தது, சரி. ஆனால் ஒரு மாலை ஆட்டத்தில் அந்த முறை முடங்கிவிட்டது. ஒரு வாசலிலும் பச்சை விளக்கு எரியவில்லை. வெளியே கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர்கள் மெதுவாக நெருக்குவார்கள், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல். சுவரை ஒட்டி நின்ற ஒரு சிறுமியின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். நான் ரேடியோவில் சொன்னேன், இன்னும் நாலு பேர் சொன்னார்கள். உடனே பாதுகாப்பு அதிகாரி ஆட்டத்தின் தொடக்கத்தை அரை மணி நேரம் தள்ளிவைத்தார். அதை ஒலிபெருக்கியில் அறிவித்ததும் தோள்கள் தளர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். அவசரம் போனால் நெருக்கம் போய்விடும். ஹில்ஸ்பரோவில் அன்றைக்கு, வெளியே அத்தனை கூட்டம் இருந்தும், ஆட்டத்தைத் தள்ளிவைக்கவில்லை. அந்தச் சிறுமி தன் அப்பாவோடு உள்ளே வந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது.

என் நிறத்தைச் சொல்லித் திட்டியவர்களும் உண்டு. கூட்டமாகச் சேர்ந்து இனவெறிக் கோஷம் போடுவது 1991இலேயே குற்றமாகிவிட்டது. ஒருவர் தனியாகக் கத்தினாலும் குற்றம் என்று 1999இல் திருத்தினார்கள். சட்டம் இருந்தது, ஆனால் என் முதல் சில வருடங்களில் அப்படி ஒரு வார்த்தை விழுந்தால் சுற்றி இருந்தவர்கள் தரையைப் பார்ப்பார்கள். அந்த அமைதிதான் வார்த்தையைவிட வலித்தது. பின்னால், போனில் செய்தி அனுப்பிப் புகார் சொல்லும் வசதி வந்தது. ஒருநாள் ஒருவன் என்னைப் பார்த்து ஏதோ கத்தினான், எனக்குச் சரியாகக் கேட்கக்கூட இல்லை. இரண்டு நிமிடத்தில் அவனுடைய வரிசை எண்ணும் இருக்கை எண்ணும் கட்டுப்பாட்டு அறைக்குப் போயிருந்தன. அனுப்பியது ஒருவர் இல்லை, ஆறு பேர். போனைப் பற்றி ஆயிரம் குறை சொல்கிறோம். பெனால்டி நேரத்தில் முகங்களை மறைத்துக்கொண்டு உயரும் அந்தத் திரைகள் எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்த ஆறு செய்திகளை நான் மறக்க மாட்டேன்.

வி.ஏ.ஆர். என்கிற வீடியோ நடுவர் முறை பிரீமியர் லீக்குக்கு வந்தது 2019-20 சீசனில். ஆட்டத்துக்கு அது நல்லதா கெட்டதா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். முகங்களுக்கு அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். கோல் விழுந்ததும் முன்பு யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிப்பார்கள். இப்போது கட்டிப்பிடித்த கையை விடாமலே பெரிய திரையைத் தேடுகிறார்கள். பாதி மகிழ்ச்சியை நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருக்கும் அந்த முகம் என் முதல் பதினைந்து வருடத்தில் நான் பார்த்திராத ஒன்று.

அந்தச் சீசன்தான் கொரோனாவில் நின்றுபோய், 2020 ஜூன் 17 அன்று காலி மைதானங்களில் மறுபடி தொடங்கியது. எங்களில் சிலரை மட்டும் கூப்பிட்டார்கள். கவனிக்கக் கூட்டம் இல்லை, அதனால் திரும்பி நிற்க வேண்டிய தேவையும் இல்லை. நான் கண்ணால் பார்த்த கோல்கள் என்று சொன்னேனே, அவற்றில் பெரும்பாலானவை அந்தச் சில மாதங்களில் பார்த்தவைதான். பந்து காலில் படும் சத்தம் கேட்டது, கோல்கீப்பர் தடுப்பாட்டக்காரர்களைப் பேர் சொல்லித் திட்டுவது கேட்டது. வீட்டில் பார்த்தவர்களுக்குப் பதிவு செய்த கூட்டச் சத்தத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை. ஒருமுறை அழகான கோல் ஒன்று என் கண்ணுக்கு நேராக வலையில் போய் விழுந்தது. விளையாடியவர்கள் கத்தினார்கள். நான் என்னையறியாமல் திரும்பிக் காலி இருக்கைகளைப் பார்த்தேன்.

அந்த டிசம்பரில் சில ஊர்களில் 2,000 பேரை மட்டும் அனுமதித்தார்கள். எங்கள் மைதானத்துக்கும் வந்தார்கள், முகக்கவசத்தோடு, இடைவெளி விட்டு, அங்கொருவரும் இங்கொருவருமாக. மெத்தை இருக்கைகளில் யாரும் இல்லை. எதிர்க் கோடிக்குப் போன அந்த நண்பர் குலுக்கலில் இடம் கிடைத்து வந்திருந்தார், தன் பழைய வரிசைக்கு இரண்டு வரிசை மேலே. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ஆட்டக்காரர்கள் வெளியே வந்தபோது 2,000 பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்; யார் யாருக்காகத் தட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை. நான் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, புல்தரைக்கு முதுகைத் திருப்பி நின்றுகொண்டேன்.