யார் வாங்குவார்கள் என்று கேட்ட மனிதர்

விற்பனைப் பிரிவில் பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டதாலோ என்னவோ, வளரும் புதுக் கம்பெனிகளில் பணம் போடும் துணிகர முதலீட்டாளர்களைப் பற்றி வரும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன எரிச்சல் வரும். தொலைநோக்கு, துணிச்சல், உள்ளுணர்வு எல்லாம் அவற்றில் இருக்கும். ஆர்டர் புத்தகம் மட்டும் இருக்காது. செக்கோயா கேப்பிட்டல் நிறுவனத்தைத் தொடங்கிய டான் வாலன்டைனின் கதை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அதில் ஆர்டர் புத்தகம் கடைசிவரை கூடவே வருகிறது என்பதுதான்.

1932-இல் நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸ் நகரில் பிறந்தவர் அவர். தந்தை லாரி ஓட்டுநர். ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் படித்து, ராணுவத்தில் சிறிது காலம் இருந்து, பிறகு கலிஃபோர்னியாவுக்கு வந்து, அங்கே ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனத்தில், மின்னணுக் கருவிகளுக்குள் வைக்கும் சிப்களை விற்கச் சேர்ந்தார். பிற்காலத்தில் இன்டெல் உட்பட எத்தனையோ நிறுவனங்கள் கிளை பிரிந்த தாய்மரம் அந்த ஃபேர்சைல்ட். விற்பனைத் தலைமைவரை உயர்ந்த வாலன்டைன், 1967-இல் அங்கிருந்து விலகி நேஷனல் செமிகண்டக்டருக்குச் சென்று, விற்பனையையும் மார்க்கெட்டிங்கையும் கவனித்துக்கொண்டார். வரலாற்றில் இந்தப் பகுதியை ஒரே வரியில் தாண்டிவிடுவதுதான் வழக்கம். எனக்கோ மற்ற எல்லாவற்றுக்கும் சாவி இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

சிப் என்பது அந்தக் காலத்தில் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் பில் போடும் சரக்கு அல்ல. தன் கருவிக்கு இன்ன வேலையைச் செய்யும் சுற்று வேண்டும் என்று வாடிக்கையாளர் வந்து கேட்பார். அதை வடிவமைக்கப் பொறியாளர்கள் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். கேட்டு வருபவர்கள் ஏராளம், பொறியாளர்களோ கொஞ்சம் பேர். ஆகவே, யாருக்கு ஆம் என்பது, யாரைக் காக்க வைப்பது, யாரை மரியாதையாக அனுப்பிவிடுவது என்று யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எடுக்க ஒரு முறையை வகுத்துக்கொண்டதாகவும், அந்த முறைதான் பிறகு முதலீட்டுக்கும் கைகொடுத்தது என்றும் வாலன்டைனே பின்னாளில் விளக்கியிருக்கிறார். நிறுவனம் கைவிட வேண்டியிருந்த சில சின்னக் கம்பெனிகளில் தன் சொந்தப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்ததும் அப்போதுதான்.

இது எனக்கு நன்றாகவே புரிகிறது. பம்ப் உதிரிபாகம் விற்ற நாட்களில், எங்கள் பட்டறையில் இருந்த இரண்டு லேத்களில் எது யாருடைய வேலைக்கு என்பதைத் திங்கட்கிழமை காலையில் நான்தான் சொல்ல வேண்டும். சாம்பிள் கேட்டு வருபவர்கள் பத்துப் பேர் என்றால், மூன்று மாதம் கழித்து இரண்டாவது ஆர்டரோடு வருபவர் ஒருவர்தான். அந்த ஒருவரை முன்கூட்டியே கண்டுபிடிக்க, அவர் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்பது எனக்கு ஒருபோதும் உதவியதில்லை. அவரிடம் சரக்கு வாங்குபவர்கள் யார் என்று விசாரித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

1972-இல் வாலன்டைன் தனியாக முதலீட்டு நிறுவனம் தொடங்கினார். அதே ஆண்டில், ஃபேர்சைல்டை நிறுவியவர்களுள் ஒருவரான யூஜின் கிளைனரும் ஹியூலெட் பேக்கர்டில் நிர்வாகியாக இருந்த டாம் பெர்கின்ஸும் சேர்ந்து இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதுவரை இந்தத் தொழிலில் பெயர் பெற்றிருந்த ஆர்தர் ராக் போன்றவர்கள் நிதித்துறையிலிருந்து வந்தவர்கள். தொழிற்சாலைக்குள் நாள்பட இருந்தவர்கள் பணப்பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது ஏறக்குறைய இந்தத் தலைமுறையோடுதான். தன் பெயரைப் பலகையில் எழுதாமல், நெடுங்காலம் வாழும் செக்கோயா மரத்தின் பெயரை வாலன்டைன் வைத்தார். 1974-இல் திரண்ட முதல் நிதி சுமார் 30 லட்சம் டாலர்.

இந்த நிதியெல்லாம் முதலீட்டாளரின் சொந்தப் பணம் அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பல்கலைக்கழக அறக்கட்டளைகளும் ஓய்வூதிய நிதிகளும் கொடுக்கும் பணத்தை வாங்கி, வளரும் கம்பெனிகளில் போட்டு, வழக்கமாகப் பத்தாண்டுக்குள் அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். இலாபத்தில் ஒரு பகுதி, பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு, நடத்துபவருக்கு. இந்தக் கெடு வாலன்டைனின் கதையில் பிறகு ஒரு வேலை செய்யும்.

1975-இல் வாலன்டைன் பணம் போட்ட, வீடியோ கேம் செய்யும் அட்டாரி, மறு ஆண்டே வார்னர் நிறுவனத்திடம் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு விலைபோனது. அந்த அட்டாரியில் முன்பு வேலை பார்த்த ஸ்டீவ் ஜாப்ஸ், மார்க்கெட்டிங் ஆலோசகர் ரீஜிஸ் மெக்கென்னா சொல்லி அனுப்பியதன் பேரில், கூட்டாளியோடு தொடங்கிய ஆப்பிள் கம்பெனிக்குப் பணம் கேட்டு 1976-இல் வாலன்டைனைத் தேடிச் சென்றார். தாடியும் கலைந்த கோலமுமாக இருந்த அந்த இளைஞரைப் பார்த்தபின், மனித இனத்தை விட்டே ஓடிப்போன இவனை எதற்கு என்னிடம் அனுப்பினீர்கள் என்று மெக்கென்னாவிடம் அவர் கேட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. எல்லாரும் சிரிப்பது இந்த வரிக்குத்தான். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பணம் கொடுக்கவில்லை, ஆனால் கதவையும் சாத்தவில்லை. உங்களில் ஒருவருக்கும் சந்தையைப் பற்றித் தெரியவில்லை, தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிச் சில பெயர்களைத் தந்தார். அதில் ஒருவர் மைக் மார்க்குலா. ஃபேர்சைல்டிலும் இன்டெல்லிலும் மார்க்கெட்டிங் பார்த்துவிட்டு, முப்பது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே பங்குப் பணத்தோடு ஓய்வு பெற்றிருந்த அவர், கடனாகவும் பங்காகவும் 2,50,000 டாலர் தந்து ஆப்பிளுக்குள் வந்தார். அவர் வந்த பிறகு, 1978-இல், வாலன்டைனும் 1,50,000 டாலர் போட்டார்.

சிஸ்கோ விவகாரம் இதைவிடச் சிக்கலானது. ஸ்டான்ஃபோர்டில் கணினிப் பிரிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த லென் போசாக், சாண்டி லெர்னர் தம்பதி 1984-இல் தொடங்கிய அந்தக் கம்பெனியை, எழுபதுக்கும் மேற்பட்ட முதலீட்டாளர்கள் மறுத்து அனுப்பியிருந்தார்கள். வாலன்டைன் பார்த்ததோ வேறு ஒன்று. முறையான விற்பனையாளர்கள் என்று எவரும் இல்லாத அந்தக் கம்பெனியின் ரூட்டர்களை, அதாவது கணினி வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளை, மக்கள் தாங்களாகவே தேடி வந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். விற்பனைக்காரனுக்கு இதைவிட நல்ல சகுனம் என்ன இருக்கிறது? 1987 முடிவில் 25 லட்சம் டாலர் கொடுத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவர் வாங்கினார்.

பணத்தைத் தருவேன், நிர்வாகிகளை நானே தேடிக் கொண்டுவருவேன் என்பதுதான் ஒப்பந்தத்தின் சாரம். 1988-இல் ஜான் மார்கிரிட்ஜைத் தலைமைச் செயல் அதிகாரியாகக் கொண்டுவந்தார். 1990 பிப்ரவரியில் சிஸ்கோ பங்குச்சந்தைக்கு வந்தது. அந்த நிதியாண்டின் விற்பனை சுமார் 7 கோடி டாலர். ஆகஸ்டில், லெர்னரோடு இனி வேலை செய்ய முடியாது என்று மேலதிகாரிகள் ஏழு பேர் வாலன்டைனிடம் வந்து நின்றார்கள். லெர்னர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். போசாக்கும் கூடவே வெளியேறினார். இருவரும் தங்கள் பங்குகளைச் சுமார் 17 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள்.

இதில் வாலன்டைன் செய்தது சரியா என்று நண்பர்களோடு வாதாடியிருக்கிறேன். வாடிக்கையாளர்களையும் அதிகாரிகளையும் தக்கவைத்துக்கொள்ள வேண்டிய இயக்குநர் குழுத் தலைவராக அவருக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால், ஒரு முதலீட்டாளர் ஆட்களைவிடச் சந்தையை நம்புகிறார் என்றால், அந்த நம்பிக்கையின் விலையை யாரோ ஒருவர் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. இங்கே அதைக் கொடுத்தவர், எழுபது கதவுகளைத் தட்டிய லெர்னர். அவர் பின்னாளில் அர்பன் டிகே என்ற அழகுசாதன நிறுவனத்தைத் தொடங்கி அதிலும் வென்றார் என்பது வேறு கதை.

ஆட்களைப் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டவர், தன் நிறுவனத்துக்கு ஆள் எடுத்ததில் மட்டும் அபாரமான கண் வைத்திருந்தார். பத்திரிகையாளராக இருந்த மைக்கேல் மோரிட்ஸை 1986-இலும், கணினிக் கம்பெனிகளில் விற்பனை பார்த்த டக் லியோனை 1988-இலும் சேர்த்துக்கொண்டு, தொண்ணூறுகளின் நடுவில் பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கூகுளில் செக்கோயா பணம் போட்டது 1999-இல், அவர்கள் காலத்தில்.

ஆப்பிளில் போட்ட 1,50,000 டாலர் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். 1979-இலேயே, அதாவது ஆப்பிள் பங்குச்சந்தைக்கு வருவதற்கு முன்பே, வாலன்டைன் அந்தப் பங்குகளைச் சுமார் 60 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். போட்டதைப்போல நாற்பது மடங்கு. பணம் கொடுத்தவர்களுக்குக் கையில் எதையாவது காட்டியாக வேண்டிய புதிய நிதிக்கு அது பெரிய தொகை. 1980 டிசம்பரில் பங்குகள் வெளியான முதல் நாளன்று ஆப்பிளின் மொத்த மதிப்பு சுமார் 178 கோடி டாலர். விற்பனைக்காரன் என்ற முறையில் அவர் பக்கம்தான் நான் நிற்பேன். வந்த பணத்தை வங்கியில் போட்டால்தான் அது பணம். வாலன்டைன் 2019 அக்டோபரில் தம் 87-ஆவது வயதில் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்தப் பத்தாண்டுக் கெடுவைக் கைவிட்டு, பங்குச்சந்தைக்கு வந்த கம்பெனிகளின் பங்குகளைக் காலவரையறையின்றி வைத்துக்கொள்ளும்படி ஒரு புதிய நிதியை அமைப்பதாகச் செக்கோயா அறிவித்தது.