பாடகர் வரும்வரை

ஏப்ரல் 3, 2025, வியாழன்

ஹாலிவுட் நடிகர் வால் கில்மர் போய்விட்டார். 65 வயது. தொண்டைப் புற்றுநோய் வந்து அவர் குரல் சிதைந்து பல ஆண்டுகள் ஆகின்றன, கடைசியில் நிமோனியா. செய்திகளெல்லாம் அவர் பேட்மேனாகவும் போர் விமானியாகவும் நடித்ததைப் பற்றியே பேசுகின்றன. எனக்கு அவர் டோர்ஸ் ராக் குழுவின் பாடகர் ஜிம் மாரிசன்தான். ஆலிவர் ஸ்டோன் 1991இல் எடுத்த ‘தி டோர்ஸ்’ படத்தை இரவு மறுபடியும் போட்டேன். பாதியில் மின்சாரம் போய்விட்டது. மீதி நாளைக்கு.

ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன். மேடைக் காட்சிகளில் வாத்திய இசை டோர்ஸ் குழுவின் பழைய ஒலிநாடாவில் இருந்து வருகிறது, பாடுவது கில்மர். 50 பாடல்களை மனப்பாடம் செய்திருந்தார். உண்மையான டோர்ஸ் ஆல்பங்களைத் தயாரித்த பால் ராத்சைல்ட் கூடவே இருந்து பயிற்சி கொடுத்தார். எந்தக் குரல் யாருடையது என்று குழுவில் இருந்தவர்களுக்கே குழப்பம் வந்ததாம். எனக்கும் ஓர் இடத்தில்தான் பிடிபட்டது. மாரிசன் உச்சத்தில் கத்தும்போது அடித்தொண்டையில் ஒரு சோம்பல் இருக்கும். கில்மரிடம் அது இல்லை. அவர் கத்துவதற்கு உழைக்கிறார்.

ஏப்ரல் 4, வெள்ளி

மீதியையும் பார்த்து முடித்தேன். கோபமாக இருக்கிறது.

1965 கோடையில் வெனிஸ் கடற்கரையில் மாரிசனும் குழுவின் கீபோர்டுக்காரர் ரே மேன்சரெக்கும் சந்திப்பது, விஸ்கி எ கோ கோ கிளப், அங்கிருந்து உச்சிக்கு ஏறுவது எல்லாம் நன்றாகத்தான் போகிறது. ஆனால் படத்தில் மாரிசன் திரைப்படக் கல்லூரியில் அவமானப்பட்டு வெளியேறுகிறார். உண்மையில் அவர் 1965இல் பட்டம் வாங்கிவிட்டுத்தான் போனார். (அந்த வகுப்பின் பேராசிரியராக வருபவர் ஆலிவர் ஸ்டோனேதான். தானே வகுப்பெடுத்துத் தானே மாணவனைத் துரத்தியிருக்கிறார்!) எட் சலிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், போதையைக் குறிக்கிறது என்று விலக்கச் சொன்ன ‘ஹையர்’ என்ற சொல்லை கேமராவுக்குள் முகத்தை விட்டுக் கத்துவதாகவும் காட்டுகிறார். 1967 செப்டம்பர் 17 அன்று ஒளிபரப்பான பதிவு இன்றும் கிடைக்கிறது. மாரிசன் அந்தச் சொல்லை எப்போதும் போல, அலட்டாமல் பாடிவிட்டுப் போகிறார். எனக்கு அந்த அலட்டாமைதான் பெரிய திமிராகத் தெரிகிறது.

மகள் நடுவில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்பா, இவர் எப்போதுதான் சாப்பிடுவார்?” என்றாள். சிரித்துவிட்டேன். ஒரு விருந்துக் காட்சி உண்டு, அதுவும் சண்டையில் முடிகிறது. இன்னொரு கேள்வி அவள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்: டோர்ஸ் குழுவின் இந்த நால்வரும் எப்போதுதான் ஒத்திகை பார்த்தார்கள்?

ஏப்ரல் 6, ஞாயிறு

படம் வீழ்ச்சியை முழுக்க மாரிசனின் கண்ணுக்குள் இருந்து காட்டுகிறது. பாலைவனம், சாவு, நெருப்பு. பின்னால் நிற்கும் மூவரும் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க வந்தவர்களைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார்கள். பாடகர் விழுவதைக் குழுவின் பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்கு இது ஒட்டாது.

நான் பதினோரு ஆண்டுகள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். எங்கள் பாடகர் குடிக்க ஆரம்பித்த காலத்தில் எங்களுக்கு நெருப்பும் பாலைவனமும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் முன்னிசைதான். அவர் மேடைக்கு வரும்வரை முதல் பாட்டின் முன்னிசையைத் திரும்பத் திரும்ப வாசிப்போம். நான்கு சுற்று, எட்டு சுற்று. தபலாக்காரர் என்னைப் பார்ப்பார், நான் படிக்கட்டைப் பார்ப்பேன். ஒரு கோயில் திருவிழாவில் அவர் வரவே இல்லை. நானே பாடினேன். யாரும் கூச்சல் போடவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

1968 செப்டம்பர் 15, ஆம்ஸ்டர்டாம். அன்று மாரிசன் கண்டதையும் விழுங்கிவிட்டு, ஜெபர்சன் ஏர்பிளேன் குழு பாடிக்கொண்டிருந்த மேடையில் ஏறி ஆடி, சுருண்டு விழுந்தார். அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மற்ற மூவரும் கச்சேரியை நடத்தினார்கள், மேன்சரெக் பாடினார். அந்த ஓர் இரவை மட்டும் வைத்து யாராவது படம் எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு.

ஏப்ரல் 7, திங்கள்

1968 ஜூலை 5, ஹாலிவுட் பவுல் கச்சேரியின் பதிவை இன்று பார்த்தேன். மாரிசனைப் பார்க்கவில்லை. மேன்சரெக்கின் இடது கையைப் பார்த்தேன்.

மேடையில் டோர்ஸுக்கு பேஸ் கிடார்காரர் கிடையாது. ஆர்கன் மேல் 32 கட்டைகள் கொண்ட சின்ன பேஸ் பியானோவை வைத்து, அதை மேன்சரெக் இடது கையால் வாசிப்பார். வலது கை ஆர்கனில் எங்கெங்கோ சுற்றும்; இடது கை நாலைந்து கட்டைகளை விட்டு நகராது. மாரிசன் பாட்டை நிறுத்திவிட்டு ஏதோ பேசுவார், முனகுவார், சும்மா நிற்பார். அந்தக் கை அதே வரியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். டென்ஸ்மோர் டிரம்ஸில் இருந்து தலையை நிமிர்த்திப் பாடகரைப் பார்ப்பார், எப்போது திரும்புவார் என்று. தபலாக்காரரின் அதே பார்வை! பேஸ் வாசிப்பவர் வராத நாட்களில் நானும் இப்படி வாசித்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் முன்கை மரத்துப்போகும்.

ஏப்ரல் 9, புதன்

மயாமி கச்சேரி, 1969 மார்ச் 1. படத்தின் உச்சம் இதுதான். மாரிசன் தாமதமாக, நிறைபோதையில் வந்தார். பாடியதைவிடக் கூட்டத்தைத் திட்டியதே அதிகம். ஆடையை அவிழ்த்தார் என்று வழக்கு. அவிழ்த்ததைக் காட்டும் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. குழுவினர் கடைசிவரை மறுத்தார்கள். ஆறு மாதச் சிறையும் 500 டாலர் அபராதமும் தீர்ப்பானது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, 1971 ஜூலை 3 அன்று பாரிஸில் இறந்தார். வயது 27. ஃபுளோரிடா மாநிலம் 2010 டிசம்பரில் மன்னிப்பு வழங்கியது.

இதற்குக் கொடுத்த இடத்தை ஸ்டோன் அதன் பின் நடந்ததற்குக் கொடுக்கவில்லை. 1970 டிசம்பர் 12, நியூ ஆர்லியன்ஸ். மாரிசன் மைக் ஸ்டாண்டால் மேடைப் பலகையைக் குத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவரோடு மேடையேறுவது அத்தோடு முடிந்தது. ஆனால் அதே நாட்களில்தான் ‘எல்.ஏ. வுமன்’ ஆல்பம் பதிவாகிக்கொண்டிருந்தது! ராத்சைல்ட் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, மதுவிடுதி இசை என்று சொல்லி விலகிக்கொண்டார். பெரிய ஸ்டுடியோ இல்லை. சான்டா மோனிகா சாலையில் இருந்த சொந்த ஒத்திகை இடத்திலேயே ஒலிப்பதிவாளர் புரூஸ் பாட்னிக்கோடு வேலையைத் தொடங்கிவிட்டார்கள். எல்விஸ் பிரெஸ்லிக்கு வாசித்துக்கொண்டிருந்த ஜெரி ஷெஃப் பேஸ் கிடாரோடு வந்தார். எதிரொலி நன்றாக இருக்கிறது என்று மாரிசன் குளியலறையில் நின்று பாடினார். தாடி, தொப்பை, சிகரெட்டில் தடித்துப்போன குரல். அந்தத் தடித்த குரலுக்கென்றே செய்தவை போல இருக்கின்றன அந்தப் பாட்டுகள்.

எங்கள் பாடகரும் கடைசி வருடத்தில் சில நாட்கள் அப்படிப் பாடினார். மேல் ஸ்தாயி போய்விட்டிருந்தது. ஒரு கட்டை இறக்கி வாசித்தோம். முன்னெப்போதையும்விட நன்றாக இருந்தது. சொன்னால் நம்ப மாட்டார்கள்.

மே 21, புதன்

பாரிஸ் பெர் லஷேஸ் கல்லறையில் இருந்து 1988இல் திருடுபோன மாரிசனின் மார்பளவுச் சிலை கிடைத்துவிட்டதாம். வேறு ஏதோ மோசடி வழக்கை விசாரிக்கப் போன போலீஸ் கையில் சிக்கியிருக்கிறது.

மகளிடம் காட்டினேன். “அன்று சாப்பிடாமல் இருந்தாரே, அவரா?” என்றாள். ‘எல்.ஏ. வுமன்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் போட்டு இயர்போனைக் கொடுத்தேன். மழைச் சத்தம், மேன்சரெக்கின் மின்பியானோ தூறுவது போல இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவள் சட்டென்று ஒரு காதில் இருந்து மட்டும் கழற்றினாள்.

“அப்பா, பாட்டுக்குப் பின்னால் யாரோ கிசுகிசுக்கிறார்களே?”

“அவரேதான். பாடி முடித்த பிறகு, அதே வரிகளைக் கிசுகிசுப்பாக இன்னொரு தடவை மேலே பதிந்திருக்கிறார்.”

முப்பது வருடமாக நான் அதை எதிரொலி என்று நினைத்துக்கொண்டிருந்ததையும், எங்கோ படித்துத்தான் தெரிந்துகொண்டதையும் அவளிடம் சொல்லவில்லை. அவள் மறுபடியும் முதலில் இருந்து போட்டாள். கழற்றிய இயர்போனை என் பக்கம் நீட்டினாள்.