செனட்டில் அறுபது ஓட்டு: அமெரிக்காவின் காலநிலைச் சட்டங்களில் எவை நிற்கின்றன?

அமெரிக்காவின் காலநிலைச் சட்டம் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது செனட்டில் அதற்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்பதைத்தான். 100 பேர் உள்ள அவையில், சாதாரண மசோதா ஒன்றின் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும். வரி, செலவு விஷயங்களுக்கு மட்டும் பட்ஜெட் நடைமுறை என்ற குறுக்குவழி உண்டு. அதில் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

தூய்மையான மின்சாரத்துக்கு வரிச்சலுகை தந்த 2022-இன் பணவீக்கக் குறைப்புச் சட்டம் அந்தக் குறுக்குவழியில்தான் வந்தது: 51–50, சமநிலையை உடைக்கும் துணை அதிபரின் ஓட்டோடு. குடியரசுக் கட்சியிலிருந்து ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. 2025 ஜூலையில் அதன் முக்கியமான பகுதிகளை வெட்டிய சட்டமும் அதே வழியில், அதே 51–50 கணக்கில், இன்னொரு துணை அதிபரின் ஓட்டோடு நிறைவேறியது. அந்தச் சட்டப்படி காற்றாலையோ சூரிய மின் நிலையமோ 2026 ஜூலை 4-க்குள் கட்டுமானத்தைத் தொடங்கியிருக்க வேண்டும், அல்லது 2027 முடிவதற்குள் மின்சாரம் தர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வரிச்சலுகை கிடையாது. அணுமின், புவிவெப்பம், மின்சேமிப்பு, கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் புதைத்தல் ஆகியவற்றின் சலுகைகள் பெரும்பாலும் தப்பின. கரியமிலவாயுச் சலுகை 2018-இலேயே இரு கட்சியினரும் சேர்ந்து விரிவாக்கிய ஒன்று. அதற்குக் குரல் கொடுக்க இரண்டு பக்கமும் ஆள் இருந்தார்கள்.

இரு கட்சிச் சட்டம் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பதற்கு 1990-இன் அமில மழைத் திட்டத்தைவிடத் தெளிவான பாடம் கிடையாது. கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி அதிபர் மூத்த புஷ். 1980-இன் அளவிலிருந்து கந்தக டை ஆக்சைடை ஆண்டுக்கு ஒரு கோடி டன் குறைப்பது இலக்கு. எந்தக் கருவியைப் பொருத்த வேண்டும் என்று அரசு சொல்லவில்லை. ஒவ்வொரு மின் நிலையமும் 1985–87 காலத்தில் சராசரியாக எரித்த எரிபொருளின் வெப்ப அளவை எடுத்துக்கொண்டு, முதல் கட்டத்தில் பத்து லட்சம் பிடியூவுக்கு (வெப்பத்தை அளக்கும் அலகு) 2.5 பவுண்டு என்ற கணக்கில் அனுமதிச் சீட்டு கொடுத்தது. 2000-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் அது 1.2 பவுண்டாக இறங்கியது. ஒரு சீட்டு, ஒரு டன். மிஞ்சினால் விற்கலாம், சேமிக்கலாம். குறைந்தால் வாங்க வேண்டும். புகைபோக்கியில் இடைவிடாமல் அளக்கும் கருவி கட்டாயம். கணக்கு உதைத்தால் டன்னுக்கு 2,000 டாலர் அபராதம், அதோடு அடுத்த ஆண்டுச் சீட்டிலும் அந்த அளவு பிடித்தம். அபராதத்தைக் கட்டிவிட்டுப் புகையைத் தொடர்ந்து விடுவதற்கான ஓட்டையை அடைத்தது இந்தப் பிடித்தம்தான். பல நிறுவனங்கள் வயோமிங்கின் கந்தகம் குறைந்த நிலக்கரிக்கு மாறின, சில புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கழுவு கோபுரம் கட்டின. எது மலிவு என்று அவரவரே முடிவெடுத்ததால் செலவும் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது.

அதன் பலவீனமும் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. உச்சவரம்பை ஆண்டுக்கு 89.5 லட்சம் டன் என்று எழுதிவைத்தார்கள். பின்னாளில் அறிவியல் இன்னும் கடுமையான வரம்பைக் கோரினால் எப்படி இறக்குவது என்று எழுதவில்லை. சுற்றுச்சூழல் முகமை விதிகள் மூலமே இறுக்கப் பார்த்தது. 2008-இல் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. 2005 இறுதியில் 1,500 டாலரைத் தாண்டியிருந்த சீட்டின் விலை சில ஆண்டுகளில் ஒன்றுமில்லாமல் போனது. உச்சவரம்பு வைக்கும் எந்தச் சட்டத்திலும் அதைத் திருத்தும் வழியையும் முதல் நாளே எழுதிவிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். புவியைச் சூடாக்கும் குளிரூட்டி வாயுக்களைக் குறைக்கும் 2020 சட்டத்தில் அதைச் செய்தார்கள். 2022-இல் 10 சதவீதம், 2024-இல் 40, 2029-இல் 70, 2034-இல் 80, 2036-இல் 85 என்று குறைப்பு அட்டவணை சட்டத்திலேயே இருக்கிறது. தேவைப்பட்டால் வேகப்படுத்தவும் வழி உண்டு. லூசியானாவின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் கென்னடியும் டெலவேரின் ஜனநாயகக் கட்சி செனட்டர் டாம் கார்ப்பரும் சேர்ந்து முன்வைத்ததற்கு டிரம்ப் கையெழுத்திட்டார். மாற்று வாயுக்களைத் தயாரிக்கும் உள்நாட்டு ஆலைகளுக்கு அதில் வியாபாரம் இருந்தது.

டெக்சாஸின் கதை வேறு மாதிரி. 1999-இல் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டம் 2,000 மெகாவாட் புதிய புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைக் கேட்டது. காற்று நன்றாக அடிப்பது மேற்கில், மின்சாரம் வேண்டிய நகரங்கள் கிழக்கில். மின்பாதை இல்லாமல் காற்றாலைக்கு வங்கி கடன் தராது. காற்றாலை இல்லாமல் மின்பாதைக்கு ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் தராது. 2005-இல், ரிக் பெர்ரி ஆளுநராக இருந்தபோது, இந்த முடிச்சை அவிழ்த்தார்கள்: ஆணையம் முதலில் காற்று மண்டலங்களை அறிவிக்கும், அங்கே பாதை முன்கூட்டியே போடப்படும், செலவு மாநிலத்தின் மின்கட்டமைப்பு நுகர்வோர் எல்லோருக்கும் பகிரப்படும். சுமார் 3,600 மைல் பாதை, கிட்டத்தட்ட 700 கோடி டாலர். 2009-இல் பாதை நெரிசலால் காற்றாலை மின்சாரத்தில் 17 சதவீதம் வீணானது. பாதைகள் முடியும் தறுவாயில், 2013-இல், அது ஒரு சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. அந்தச் சட்டத்தில் காலநிலை பற்றிய பிரசங்கம் எதுவும் தேவைப்படவில்லை.

கார்பன் வரியை மக்களுக்கே திருப்பித் தரும் யோசனையை 2017-இல் குடியரசுக் கட்சியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஜேம்ஸ் பேக்கரும் ஜார்ஜ் ஷுல்ட்சும் முன்வைத்தார்கள்: டன்னுக்கு 40 டாலரில் தொடக்கம், மக்களுக்கு ஈவுத்தொகை, இறக்குமதிக்கு எல்லையில் கார்பன் வரி, பதிலுக்கு விதிகளில் தளர்வு. பொருளாதாரமாக எனக்கு மிகவும் பிடித்த வடிவம். ஆனால் விலையேற்றம் பெட்ரோல் பங்கில் கண்ணுக்குத் தெரியும், ஈவுத்தொகையை யாரும் நினைவில் வைப்பதில்லை. 60 அருகில்கூட வரவில்லை.

இப்போது உண்மையான வாய்ப்பு அனுமதிச் சீர்திருத்தத்தில், அதாவது மின்பாதை போன்ற திட்டங்களுக்கு அரசு ஒப்புதல் தரும் நடைமுறையை வேகப்படுத்துவதில் இருக்கிறது. நியூ மெக்சிகோவிலிருந்து அரிசோனாவுக்குப் போகும் சன்சியா மின்பாதை, விண்ணப்பத்திலிருந்து கட்டுமானம் தொடங்குவதற்குள் ஏறக்குறைய 17 ஆண்டுகளைத் தின்றது. 2023-இன் கடன் உச்சவரம்புச் சட்டம் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கு இரண்டு ஆண்டு, 150 பக்கம் என்று வரம்பு வைத்தது (மிகச் சிக்கலான திட்டமென்றால் 300 பக்கம்). ஆனால் அறிக்கை வேகமாக முடிந்தாலும் வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் இருந்தால் கடன் கொடுப்பவர் காத்துக்கொண்டேதான் இருப்பார். 2024-இல் செனட்டர் ஜோ மான்சினும் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் பராசோவும் கொண்டுவந்த மசோதா அந்தக் கெடுவை 150 நாளாகச் சுருக்கியது. எரிவாயு ஏற்றுமதிக்கும் மாநிலம் தாண்டும் மின்பாதைக்கும் சேர்த்தே வழிவிட்டது. குழுவில் 15–4 என்று தேறியும் அவைக்கு வரவில்லை.

அடுத்த மசோதா எந்தப் பெயரில் வந்தாலும், மின்பாதைச் செலவை யார் தருவது என்று சொல்லும் செலவுப் பங்கீட்டுப் பிரிவை முதலில் படியுங்கள். பயன்பெறுபவரே செலவைத் தர வேண்டும் என்பதில் இரு கட்சிக்கும் தகராறு இல்லை. எது பயன் என்பதில்தான் சண்டை. மின்தடை குறைவது, நெரிசல் குறைவது, மின் இழப்பு குறைவது என்று அளக்கக்கூடியவற்றை மட்டும் பட்டியலிட்டால், பாதை கடந்துபோகும் மாநிலத்தின் செனட்டரும் ஓட்டுப் போடலாம். பயன் என்பதை வரையறுக்காமல் விட்டால், ஒரு துளி மின்சாரமும் பெறாத மாநிலத்தின் தலையில் பில் விழுமோ என்ற பயம் வரும். அங்கேயே 60 உடையும்.