மடக்கு கத்தி வாங்கறதுக்கு முன்னாடி பிளேடோட முதுக பாருங்க

போன மாசம் ரெண்டு வாரம் ஒரு துண்டு காகிதத்த சட்டை பாக்கெட்லயே வச்சிருந்தேன், கத்திய வெளில எடுக்கற ஒவ்வொரு தடவையும் எதுக்கு எடுத்தேன்னு அதுல ஒரு வரி கிறுக்கிடுவேன். பார்சல் டேப், பார்சல் டேப், கேபிள் டை, சட்டையில தொங்கின நூல், திரும்பவும் பார்சல் டேப், குப்பையில போடறதுக்காக அட்டைப்பெட்டிய துண்டு துண்டா கிழிச்சது, சாக்குப் பையோட தையல், பென்சில், ஒரு பழம், மருந்து பாட்டில் மூடிய சுத்தி இருக்கற பிளாஸ்டிக் சீல், செடிக்கு கட்டியிருந்த கயிறு. அவ்ளோதான் லிஸ்ட். ஒரு தடவ கூட 10 சென்டிமீட்டர் பிளேடு தேவைப்படல, பாதி வேலைய பிளேடோட முன்பக்கம் ஒரு 3 சென்டிமீட்டரே முடிச்சிடுச்சு.

தினமும் பாக்கெட்ல வச்சிக்க ஒரு மடக்கு கத்தி வாங்கணும், எது வாங்கலாம்னு யார் கேட்டாலும் நான் மொதல்ல இந்த லிஸ்ட்டத்தான் எழுதச் சொல்றேன். இன்னும் கத்தியே இல்லன்னா, கத்தி இருந்திருந்தா நல்லாருக்குமேன்னு தோணின எடத்தையெல்லாம் எழுதுங்க, டேப்ப பிரிக்க சாவிய எடுத்தது, நூல பல்லால கடிச்சது, எல்லாத்தையும். அந்த லிஸ்ட் கையில இருந்தா பாதி மாடல் தானா கழண்டு போயிடும்.

நான் அந்த மாதிரி பண்ணாம வாங்கினவன். என்னோட மொத கத்தி பாக்க ரொம்ப கம்பீரமா இருந்துச்சு, பிளேடோட தடிமன் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர், திறந்தா "டக்"னு ஒரு சத்தம், கைல பிடிச்சா நல்ல கனம். கூரும் நல்லாவே இருந்துச்சு, காகிதத்த சர்ருனு கிழிக்கும். ஆனா அட்டைப்பெட்டில வச்சு இழுத்தா பாதி வழியில நின்னுடும், பலமா இழுத்தா அட்டை வெட்டுப்படாம மடங்கி கிழியும். ரொம்ப நாள் எனக்கு தீட்டத் தெரியலன்னு நெனச்சுட்டு இருந்தேன், அப்புறம் ஒரு நாள் உக்காந்து அட்டைக்குள்ள பிளேடு போறத மூக்க கிட்ட வச்சு பாத்தப்பதான் விஷயம் புரிஞ்சுது. கூர் முனை வெட்டறது மொத அரை மில்லிமீட்டரத்தான். அதுக்கப்புறம் உள்ள போற பிளேடோட உடம்பு, வெட்டுப்பட்ட ரெண்டு பக்கத்தையும் ஒதுக்கித் தள்ளிட்டுத்தான் முன்னேறணும், அந்த உடம்பு ஆப்பு மாதிரி தடிச்சிருந்தா அட்டை ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிச்சுக்குது. கூர் எவ்ளோ இருந்தாலும் அங்க ஒண்ணும் பண்ண முடியாது.

அதனாலதான் தலைப்புல முதுக பாருங்கன்னு எழுதினேன். கத்திய திறந்து, முனை உங்க பக்கம் வர்ற மாதிரி வெளிச்சத்துல பிடிச்சு, மேல முதுகுல எவ்ளோ தடிமன், அது கீழ கூர் வரைக்கும் எப்படி இறங்குதுன்னு பாருங்க. முதுகுல இருந்தே நேரா சரிஞ்சு கூர் வரைக்கும் மெலிஞ்சு வந்தா அது பிளாட் கிரைண்ட், பாதி ஒசரம் வரைக்கும் தடியாவே வந்து அங்கேர்ந்து சட்டுனு சரிஞ்சா அது சேபர் கிரைண்ட். தினசரி வேலைக்கு மொதல் வகைதான். முதுகுல 2 மில்லிமீட்டர், போனா போகுது இரண்டரை, அதுக்கு மேல தேவையே இல்லன்னு நான் உறுதியா சொல்வேன். பிரான்ஸ் நாட்டு ஒப்பினெல் கத்தி 1890லேர்ந்து வருது, நம்பர் 8 மாடல்ல பிளேடு நீளம் எட்டரை சென்டிமீட்டர், மரப்பிடி, ரெண்டும் சேந்து சுமார் 45 கிராம்தான், பாத்தா சாதாரணமா இருக்கும், ஆனா அட்டையிலயும் பழத்துலயும் அது போற வேகத்த ஒரு தடவ பாத்துட்டா தடிச்ச கத்திய திரும்ப எடுக்க மனசு வராது.

தடிச்ச பிளேடுதான் உறுதி, நெம்பினா உடையாதுன்னு சொல்வாங்க. உண்மைதான். ஆனா நெம்பறது கத்தியோட வேலையே கிடையாது, அதுக்கு ஸ்க்ரூடிரைவர் இருக்கு. 1891ல கார்ல் எல்செனர்னு ஒரு ஸ்விஸ் கத்தி தயாரிப்பாளர் அவங்க ராணுவத்துக்கு குடுத்த கத்தியிலயே பிளேடு தனி, டின் திறக்கறது தனி, துப்பாக்கிய கழட்ட ஸ்க்ரூடிரைவர் தனின்னு பிரிச்சுத்தான் வச்சிருந்தாங்க. உங்க லிஸ்ட்ல நெம்பற வேலை அதிகம் வந்தா அந்த மாதிரி நாலு கருவி உள்ள கத்தி பாருங்க, பிளேடு மெல்லிசாவே இருக்கட்டும்.

இப்ப லாக் விஷயம், அதாவது திறந்த பிளேடு தானா மடங்காம பிடிச்சு வைக்கற அமைப்பு, இதுல கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா என் வலது கை ஆள்காட்டி விரல்ல மூணு தையல் போட்ட தழும்பு இருக்கு. லாக் இல்லாத ஒரு கத்தி, முதுகுப் பக்கம் உள்ள ஸ்பிரிங் மட்டும்தான் பிளேட பிடிச்சிட்டு இருக்கும், ஸ்லிப்ஜாயின்ட்னு சொல்வாங்க. ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடில ஓட்டை போடலாம்னு முனைய வச்சு அழுத்தி திருகினேன், முனை வழுக்கிச்சு, பிளேடு அப்படியே மடங்கி விரல் மேல வந்துடுச்சு. கத்தி மேல தப்பு கிடையாது. அழுத்தற விசை எந்தப் பக்கம் போகுதுன்னு நான் யோசிக்கல. கூரால ஒரு பொருள வெட்டறப்போ அந்தப் பொருள் பிளேட திறக்கற பக்கமா தள்ளும், அங்க தடுப்பு இருக்கு, அதனால கத்தி மடங்கவே மடங்காது. முனையால குத்தினாலோ, மாட்டிக்கிட்ட பிளேட முதுகு பக்கமா இழுத்தாலோ விசை மூடற பக்கமா திரும்பிடுது, அப்போ ஸ்பிரிங்க நம்ப முடியாது. இத புரிஞ்சு வச்சிட்டு பயன்படுத்தினா லாக் இல்லாத கத்தி ஒரு பயமும் இல்ல, இப்பவும் என் மேஜை வேலைக்கெல்லாம் அதுதான்.

குத்தற வேலை, ஈரக் கையோட வேலை, கையுறை போட்டு வேலைன்னா லாக் வேணும். ஒப்பினெல்ல பிடியோட கழுத்துல ஒரு உலோக வளையம் இருக்கும், 1955ல வந்தது, திருகினா பிளேடு நின்னுடும், இதவிட எளிமையா ஒண்ண யோசிக்க முடியல. 1964ல வந்த பக் 110ங்கற அமெரிக்க கத்தி, பிடியோட முதுகுப் பக்கம் அழுத்தினா பிடி விட்டு பிளேட மடக்க விடற லாக்பேக்க எல்லாருக்கும் பழக்கி விட்டுச்சு, உறுதியான கத்தி, ஆனா 200 கிராம், பேன்ட் பாக்கெட்ல போட்டா ஒரு பக்கம் இழுக்கும். அப்புறம் 1980கள்ல மைக்கேல் வாக்கர்ங்கற கத்தி வடிவமைப்பாளர் கொண்டு வந்த லைனர் லாக், பிடிக்குள்ள இருக்கற ஒரு தகடு வளைஞ்சு பிளேடுக்கு அடியில வந்து முட்டு குடுக்கும், இன்னைக்கு பாதி கத்தியில இதுதான். அந்தத் தகடுக்கு பதிலா பிடியோட ஒரு பக்கமே வளைஞ்சு வந்து முட்டு குடுத்தா பிரேம் லாக், அது கிறிஸ் ரீவ்ங்கற கத்தி தயாரிப்பாளரோட யோசனை. இந்த ரெண்டுலயும் எனக்கு ஒரே ஒரு குறை, மூடறப்போ கட்டைவிரல் பிளேடு வர்ற பாதையிலயே நிக்குது. தகட தள்ளி, பிளேட லேசா மடக்கி, விரல எடுத்துட்டு அப்புறம் முழுசா மூடணும், அவசரத்துல அந்த "எடுத்துட்டு" விட்டுப் போயிடும். 1998ல பெஞ்ச்மேட் கம்பெனி கொண்டு வந்த ஆக்ஸிஸ் லாக்ல குறுக்க ஒரு சின்ன கம்பி, அத பின்னாடி இழுத்தா போதும், எந்த விரலும் பாதையில இல்ல, இடது கைக்காரங்களுக்கும் அதே வசதி. லாக் வேணும்னு முடிவு பண்ணிட்டா இந்தக் குறுக்குக் கம்பி வகையத்தான் நான் கை காட்டுவேன்.

எந்த லாக்கா இருந்தாலும் வாங்கறப்போ பத்து தடவ திறந்து மூடுங்க. திறந்த பிளேட ரெண்டு பக்கமும் ஆட்டி பாருங்க, ஆடக்கூடாது. மூடினா பிளேடு நடுவுல உக்காரணும், ஒரு பக்கமா சாஞ்சு தகட்ட உரசக்கூடாது.

திறக்கற விதத்த பத்தி எனக்கு பெரிசா கருத்து இல்லாமதான் இருந்துச்சு, அப்பாவுக்கு ஒரு கத்தி வாங்கிக் குடுக்கற வரைக்கும். நகத்த வச்சு இழுக்கற பள்ளம் உள்ளது, எனக்கு ரொம்ப பிடிச்ச கத்தி, அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு வந்து "நீயே திறந்து குடுப்பா, எனக்கு நகம் நிக்கவே மாட்டேங்குது"ன்னு நீட்டினார். விரல் மூட்டெல்லாம் இறுகிப் போயிருக்கு, நகத்தையும் ஒட்ட வெட்டிடுவார், அந்தப் பள்ளத்துல வழுக்கி வழுக்கி போகுது. அவரு கத்திய பயன்படுத்தாம விட்டிருக்கார், என்கிட்ட சொல்லக்கூட ரெண்டு நாள் தயங்கியிருக்கார், அது எனக்கு மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. அப்புறம் பிளேட்ல பெரிய வட்ட ஓட்டை உள்ள ஒரு கத்தி மாத்திக் குடுத்தேன், கட்டைவிரல் சதைய ஓட்டையில வச்சு தள்ளினா போதும். அந்த வட்ட ஓட்டையும் பாக்கெட் ஓரத்துல மாட்டற கிளிப்பும் ஒண்ணா வந்தது 1981ல, ஸ்பைடர்கோ கம்பெனியோட மொத மடக்கு கத்தியில. யாருக்காக வாங்கறீங்களோ அவங்க கையாலயே திறந்து பாக்கச் சொல்லுங்க, உங்க கை வேற அவங்க கை வேற.

ஸ்டீல் பத்தி பேச ஆரம்பிச்சா ராத்திரி போயிடும், அதனால எனக்கு உதவின அளவுக்கு மட்டும். துரு பிடிக்காம இருக்க குரோமியம் வேணும், கூர் நிக்க கார்பனும் கடினமும் வேணும், கடினம் ஏற ஏற தீட்டறதும் கஷ்டம், ஓரம் சில்லு சில்லா உடைஞ்சு போற வாய்ப்பும் அதிகம். ஸ்விஸ் கத்திகள் கடினத்த அளக்கற ராக்வெல் அளவுல 56 கிட்ட, சீக்கிரம் மழுங்கும், ஆனா அஞ்சு நிமிஷத்துல கூர் திரும்பிடும். எஸ்30வி மாதிரி, 2001ல வந்த, உலோகத்தூள அழுத்திச் செய்யற பவுடர் ஸ்டீல்ல, தேயாம காக்கற வனேடியம் 4 சதவீதம், கூர் நாள் கணக்குல நிக்கும், ஆனா மழுங்கினா சாதாரண கல்லுல மல்லுக்கட்டணும், வைரத்தூள் பதிச்ச தகடு இருந்தா நல்லது. டி2ங்கற ஸ்டீல்ல குரோமியம் 12 சதவீதம் கிட்ட இருந்தும் அதுல நெறைய பங்கு கார்பனோட சேந்து போயிடறதால வேர்வை பட்டா புள்ளி புள்ளியா துரு வரும், ரொம்ப வேர்க்கற ஒடம்புன்னா அத தவிர்த்துடுங்க. வெறும் கார்பன் ஸ்டீல் பழம் வெட்டினதும் நீலமும் சாம்பலுமா நிறம் மாறும், எனக்கு அது அழகு, சிலருக்கு அழுக்கா தெரியும். மொத கத்தின்னா ஸ்வீடன் ஸ்டீல் 12சி27 மாதிரி ஒண்ணு போதும்.

ஏன்னா தீட்டக் கத்துக்கறதுதான் முக்கியம். 1000 நம்பர் (சொரசொரப்போட அளவு) தீட்டற கல்லு ஒண்ணு போதும். பிளேட நேரா நிறுத்துங்க, பாதி சாய்ங்க, அதுல பாதி சாய்ங்க, இருபது இருபத்திரெண்டு டிகிரி வந்துடும். ஒரு பக்கம் தேய்ச்சிட்டே வந்தா எதிர்ப் பக்கம் மெல்லிசா ஒரு பிசிறு எழும்பும், கட்டைவிரல கூருக்கு குறுக்க, முதுகுலேர்ந்து வெளிப்பக்கமா லேசா வருடினா நகத்துல மாட்டற மாதிரி தெரியும், அது முழு நீளத்துக்கும் தெரியற வரைக்கும் அந்தப் பக்கத்த விடக்கூடாது. அப்புறம்தான் மறு பக்கம். கடைசியா பழைய லெதர் பெல்ட்டோட உள்பக்கம் பத்து இழுப்பு, கூர பின்னாடி விட்டு இழுக்கணும். ரம்பப் பல்லு உள்ள பிளேடு கயித்துக்கு அருமை, ஆனா இந்தக் கல்லுல தீட்ட முடியாது, அதனால நான் வாங்கறதில்ல.

சட்டத்த பாக்காம விட்டுடாதீங்க, ஒவ்வொரு நாட்லயும் ஒவ்வொரு மாதிரி. பிரிட்டன்ல லாக் இல்லாத, வெட்டற ஓரம் 3 இன்ச்சுக்கு மேல போகாத மடக்கு கத்திக்கு காரணம் சொல்ல வேண்டியதில்ல, லாக் இருந்தா சொல்லணும். ஜெர்மனில ஒரு கையாலயே திறந்து லாக்கும் ஆகற கத்திய தகுந்த காரணம் இல்லாம வெளில கொண்டு போகக்கூடாது. சின்னதா, லாக் இல்லாம இருக்கறதுதான் நெறைய எடத்துல பிரச்சனை தராது. விமானத்துல கைப்பையில வைக்காதீங்க, பெரிய பெட்டிக்குள்ள போட்டுடுங்க, ஆசையா வச்சிருந்த ஒண்ண நான் பாதுகாப்பு சோதனையில குடுத்துட்டு வந்திருக்கேன்.

அப்பாவோட கத்தி போன ஞாயித்துக்கிழமை என்கிட்ட வந்துச்சு, "கொஞ்சம் இறுகுதுப்பா"ன்னார். திறந்து பாத்தா பிளேடு முழுக்க டேப்போட பசை, திருகாணி பக்கத்துல பாக்கெட் பஞ்சு சுருண்டு கெடக்கு. குச்சியால பஞ்ச எடுத்து, எண்ணெய் தொட்ட துணியால பசைய துடைச்சு, மூட்டுல ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அஞ்சாறு தடவ திறந்து மூடினேன், அவரு வாங்கி கட்டைவிரலால தள்ளி பாத்துட்டு பாக்கெட் ஓரத்துல மாட்டிட்டு போயிட்டார்.